கம்பேனியன் உர்சுலா

கிள்ளான்,
11 மார்ச் 2024

மிஸ்ஸி உர்சுலா அவர்களுக்கு,

என் அண்ணன் இராமலிங்கம் பிப்ரவரி ஆறாம் தேதி காலை செந்தூல் வீட்டில் மாரடைப்பால் இறந்துபோனார். மறுநாள் தகனம் முடிந்தது. பதினாறாம் நாள் காரியத்தை என் வீட்டில் செய்தோம். அஸ்தியைக் கடலில் கரைத்தாயிற்று. அவர் பெயரில் இருக்கும் அடுக்குமாடி வீடு இனி அவருடைய ஒரே மகன் விமலனுக்கு. நடந்தது இவ்வளவுதான்.

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் வலியைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

என் கைப்பேசி எண்ணை நீங்கள் தடுத்துவைத்திருக்கிறீர்கள், அதனால் கடிதம். என் கடையின் பிரிக்பீல்ட்ஸ் கிளைக்குச் சேலை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுநர் சுகுமாறன் கொண்டுவந்து தருவார். பதிலையும் அவரிடமே கொடுக்கலாம். எழுத்தில் இருப்பது எனக்கும் வசதி. நாற்பது வருடமாகக் கடை நடத்துகிறேன். பேசினதை எவனும் இல்லை என்று சொல்லிவிடுவான்.

வீட்டை மே மாதக் கடைசிக்குள் காலி செய்துகொடுங்கள். கட்டில், ஐஸ்பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கெல்லாம் நான் பேரம் பேசமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீதாலெட்சுமி


செந்தூல்,
24 மார்ச் 2024, குருத்து ஞாயிறு

அன்புள்ள சீதா,

ஆண்டவர் உன் வீட்டாரைக் காக்கட்டும். முழங்காலுக்குக் காலையும் மாலையும் வெந்நீர்ப் பை வைத்துப் பார். கல்லாவில் இருந்து எழும்போது மேசையைப் பிடித்து எழு.

பத்தொன்பது வருடம் போனில் நான் உன்னைச் சீதா என்றுதான் கூப்பிட்டேன். நீ என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அண்ணன் இருக்காரா?" அவ்வளவுதான். இப்போது கடிதத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருக்கிறது, அதனால் மிஸ்ஸி. டயாலிசிஸ் சென்டரில் நோயாளிகள் நர்சுகள் எங்கள் எல்லாரையும் கூப்பிட்ட பெயர்.

சவ வண்டிக்காரர் என்னிடம், "ஆன்டி, நீங்க யாரு? வீட்டாளுங்கதான் வண்டியில ஏறலாம்" என்றார். நான் வாயைத் திறக்குமுன் நீ சொன்னாய்: "பக்கத்து வீடு." நான் கீழே நின்றேன். வண்டி போய்விட்டது. அன்றுதான் உன் எண்ணைத் தடுத்தேன்.

பத்திரிகையில் வந்த மரண அறிவிப்பையும் பார்த்தேன். மகன், மருமகள், தங்கை, மருமகளைப் பெற்றவர்கள் வரை இருந்தார்கள். நான் இல்லை.

எங்கள் மாதா கோயிலுக்கு வரும் வக்கீல் ஸ்டானிஸ்லாஸ் மூலம் வீட்டின் மீது தடை மனு போட்டிருக்கிறேன். அந்தத் தடை இருக்கும்வரை விமலன் விற்க முடியாதாம். வீட்டுக்கு ஆசைப்பட்டு இல்லை. வீட்டுக்காகவாவது நீ எனக்குப் பதில் எழுதுவாய் என்றுதான்.

எனக்கு வேண்டியது ஒன்று. வரும் பிப்ரவரியில் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போடுவாய் அல்லவா, அதில் "மனைவி உர்சுலா" என்று ஒரு வரி. போட்டால் மனுவை எடுத்துவிடுகிறேன்.

நன்றாகச் சாப்பிடு.

உர்சுலா


கிள்ளான்,
8 ஏப்ரல் 2024

மிஸ்ஸி உர்சுலா அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். வெந்நீர்ப் பை வைத்தேன். பரவாயில்லை. நன்றி.

மனைவி என்று போட முடியாது. பதிவுச் சான்றிதழ் இருக்கவேண்டும், இல்லையென்றால் தாலி இருக்கவேண்டும், அதுவும் இல்லையென்றால் சர்ச்சில் மோதிரமாவது மாற்றியிருக்கவேண்டும். மூன்றில் உங்களிடம் எது இருக்கிறது?

உஷாராணியை வாரத்துக்கு மூன்று நாள் சென்டருக்கு நான்தான் கூட்டிவருவேன். அவள் என்னைவிட இரண்டு வயது இளையவள். ஆனாலும் அண்ணி. என் வாய் அண்ணி என்று கூப்பிட்டது அந்த ஒருத்தியைத்தான். நீங்கள் அவளுக்கு ஊசி குத்தின மிஸ்ஸி. அவள் போய் இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, அவள் அலமாரியில் உங்கள் உடுப்பு தொங்கியது. அவள் பெற்ற எட்டு வயதுப் பிள்ளை என் வீட்டில் தூங்கினான்.

மனைவி என்று ஒருத்தி பத்திரிகையில் வந்தாயிற்று, 2003-இல், கறுப்பு வெள்ளைப் படத்தோடு. அதே இடத்தில் இன்னொரு பெயரை நான் ஏற்றமாட்டேன்.

வெயில் கடுமையாக இருக்கிறது. தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

சீதாலெட்சுமி


செந்தூல்,
19 மே 2024

அன்புள்ள சீதா,

சமாதானம் உன்னோடு இருப்பதாக. எனக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. வேறு குறை இல்லை.

ஊசி குத்தினேன், உண்மை. கடைசி மாதம் உஷாராணிக்கு நரம்பே கிடைக்கவில்லை. "மிஸ்ஸி, நீங்களே குத்துங்க, மத்தவங்க வேணாம்" என்றாள். நீயும் பக்கத்தில்தான் இருந்தாய்.

எனக்கும் விலை இல்லாமல் எதுவும் கிடைக்கவில்லை. பத்தொன்பது வருடம் கோயிலில் கடைசி பெஞ்சு. எல்லாரும் எழுந்து பீடத்துக்கு நன்மை அப்பம் வாங்கப் போவார்கள். நான் காலை ஒதுக்கி வழிவிடுவேன். மணமாகாமல் ஓர் ஆணோடு இருக்கிறவள் வாங்கக்கூடாது. பங்குச் சாமியார் ஒருமுறை கேட்டார்: "ஏம்மா, கட்டிக்க வேண்டியதுதானே? அவரு வேணாங்கிறாரா?"  அண்ணன் ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்பது உனக்குத் தெரியும்.

மனைவி வேண்டாம் என்றால் வாழ்க்கைத்துணை என்று போடு.

அண்ணன் வைத்த கறிவேப்பிலைச் செடி நன்றாக இருக்கிறது. வேண்டுமானால் கொத்தாக ஒடித்து சுகுமாறனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உர்சுலா


கிள்ளான்,
3 ஜூன் 2024

மிஸ்ஸி உர்சுலா அவர்களுக்கு,

இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தவறாமல் எடுங்கள். உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கறிவேப்பிலை இங்கே இருக்கிறது.

"உனக்குத் தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றும் தெரியாது.

வாழ்க்கைத்துணை கல்யாணப் பத்திரிகையில் வருகிற சொல். படிக்கிறவன் மனைவி என்றுதான் எடுத்துக்கொள்வான். தமிழில் உங்களுக்கு இரண்டே சொல்தான் இருக்கிறது. ஒன்று உங்களுக்குப் பொருந்தாது. இன்னொன்று பொருந்தும், ஆனால் அதை எழுதினால் என் அண்ணனுக்கும் அசிங்கம்.

"பார்ட்னர்னு போட்டுருங்களேன் அத்தை, இப்ப எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்கிறான் விமலன். அவனுக்கு என்ன தெரியும்? கடை ஆரம்பித்தபோது எனக்கு ஒரு பார்ட்னர் இருந்தார், ராதாகிருஷ்ணன். பிரிந்து போகிற அன்று சுவரில் அடித்த அலமாரியில்கூடப் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போனார். பார்ட்னர் என்றால் பங்கு. அதை நான் அச்சில் ஏற்றினால் உங்கள் வக்கீல் அன்றைக்கே வெட்டி ஃபைலில் ஒட்டிக்கொள்வார்.

நண்பர் என்று போடலாம். நண்பருக்கு நான் தடை சொல்லமாட்டேன். ஆனால் தடை மனுவை எடுத்தால் போதாது. வீட்டையும் காலி செய்யவேண்டும். யோசித்து எழுதுங்கள். அவசரம் இல்லை, நீங்கள் அதற்குள் இருக்கும்வரை எனக்குத்தான் நஷ்டம்.

திடீர் திடீரென்று மழை பெய்கிறது. குடை எடுத்துப் போங்கள்.

சீதாலெட்சுமி


செந்தூல்,
14 ஜூலை 2024

அன்புள்ள சீதா,

நீ சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். எனக்கு இப்போது அழுத்தம் இறங்கியிருக்கிறது.

நண்பர் என்றால் மூன்றாம் மாடி வேலாயுதமும் நண்பர்தான். சாயங்காலம் வந்து செஸ் விளையாடுவார், தோற்றால் என் தேத்தண்ணீரைக் குறை சொல்வார். வேலாயுதம் உன் அண்ணனின் கால் நகத்தை வெட்டிவிட்டதில்லை.

2022-இல் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் பாரத்தை நிரப்பிக்கொண்டே, "இஸ்திரி?" என்று கேட்டது. மனைவியா என்று கேட்கிறது. நான் தரையைப் பார்த்தேன். அவர் அந்த வலியிலும் பேனாவை வாங்கி, உறவுமுறை என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் தானே எழுதினார். கம்பேனியன்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. "என்னங்க அது, பிஸ்கட் கம்பெனி மாதிரி?" என்றேன். "கூட வர்றவ. கூடவே இருக்கிறவ. வேற என்னத்த எழுதச் சொல்ற, நீயே சொல்லு" என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. இப்போது அந்த இரண்டு நாளும் எனக்கு வேண்டும்.

அந்தச் சொல்லையே போடு சீதா. தமிழ் எழுத்திலேயே போடு. அவர் கொடுத்ததுதான். வீட்டையும் காலி செய்கிறேன்.

கடவுள் துணை.

உர்சுலா


கிள்ளான்,
5 ஆகஸ்ட் 2024

மிஸ்ஸி உர்சுலா அவர்களுக்கு,

இங்கு அனைவரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

தெரியாத சரக்கை நான் வாங்குவதில்லை. விமலன் பெண்டாட்டி வாணி பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.

"கம்பேனியன்னா என்னா வாணி?"

"கூட இருக்கிறவங்க அத்தை. பயணத்துல கூட வர்றவங்க. வயசானவங்களுக்குத் துணையா சம்பளத்துக்கு ஆள் வைப்பாங்கல்ல, அவங்களையும் அப்படிச் சொல்லலாம்."

"பொண்டாட்டின்னு அர்த்தம் வருமா?"

"நினைக்கிறவங்க நினைச்சுக்கலாம். கோர்ட்டுல நிக்காது. நாய் வளக்கிறவங்ககூட அத கம்பேனியன்னுதான் சொல்றாங்க லா."

விமலன் சிரித்தான். நாய் விஷயத்தை மறைக்காமல் எழுதுகிறேன். துணியில் ஓட்டை இருந்தால் காட்டிவிட்டுத்தான் விற்பேன்.

எனக்குச் சொல் பிடித்துவிட்டது. ஃப்ரீ சைஸ் மாதிரி. யார் போட்டாலும் நிற்கும், யார் அளவுக்கும் தைத்தது என்று சொல்ல முடியாது. மகன், மருமகள், தங்கை, நான்காவது வரியில் "கம்பேனியன்: உர்சுலா". தடை மனு நீங்கவேண்டும், ஜனவரி முடிவுக்குள் வீடு காலியாக வேண்டும்.

சம்மதமா என்று எழுதுங்கள். உப்பைக் குறையுங்கள்.

சீதாலெட்சுமி


செந்தூல்,
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சீதா,

நீயும் பிள்ளைகளும் நலமா? நான் நலம்.

போன வாரம் விமலன் வீட்டை அளக்க வந்தான். தேத்தண்ணீர் கொடுத்தேன். அவனிடம் ஒன்று கேட்டேன். அதை இப்போது உன்னிடம் கேட்கிறேன்.

2009 ஜூன் மாதம் பதிவு அலுவலகத்தில் தேதி வாங்கியிருந்தோம். வேலாயுதம் சாட்சி. உன் பிரிக்பீல்ட்ஸ் கடையில்தான் சேலை எடுத்தேன், வெங்காயத்தோல் நிறம். நீ அன்று கடையில் இல்லை. அலுவலக வாசலில் அவர் போன் அடித்தது. ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார். "இன்னிக்கு வேணாம் உர்சுலா." அதன் பிறகு அந்தப் பேச்சே இல்லை. ஏன் என்று அவர் எனக்குச் சொன்னது சாவதற்கு முந்தின வாரம்தான்.

அன்று போன் செய்தது நீயாம், அழுதாயாம். விஷயம் கேட்டு விமலன் வீட்டை விட்டு ஓடிப்போய்விட்டான், அண்ணன் கையெழுத்துப் போட்டால் அவன் திரும்பி வரமாட்டான் என்றாயாம். மூன்று நாள் கழித்து அவன் வந்துவிட்டான், இனி அவனிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே என்றாயாம். அவர் பதினைந்து வருடம் மூச்சு விடவில்லை.

விமலனிடம் கேட்டேன். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஓடிப்போனேனா? நானா? அந்த ஜூன்ல பள்ளிக்கூட முகாமுக்குப் போர்ட்டிக்சன் போயிருந்தேன் ஆன்டி. அத்தைதான் பஸ் ஏத்திவிட்டாங்க" என்றான்.

எது உண்மை? ஒரு வரி எழுது. உன்னை எதுவும் செய்யப்போவதில்லை.

உர்சுலா


கிள்ளான்,
14 நவம்பர் 2024

மிஸ்ஸி உர்சுலா அவர்களுக்கு,

தீபாவளி வியாபாரம் முடிந்து இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. சுகமாக இருக்கிறீர்களா? எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது.

உங்கள் ஆகஸ்ட் மாதக் கடிதம் கிடைத்தது. அதில் வீட்டைப் பற்றி ஒன்றும் இல்லை, எனவே பதில் எழுத ஒன்றும் இல்லை.

விமலன் இனி செந்தூலுக்கு வரமாட்டான். அளப்பதற்கு வேறு ஆள் வருவார். அவனிடம் எதுவும் கேட்கவேண்டாம். எட்டு வயதில் என் வீட்டுக்கு வந்த பிள்ளை. நான் பெறவில்லை, எனக்கு வேறு பிள்ளையும் இல்லை. ஒரு நாள்கூட என் கையால் சாப்பிடாமல் அவன் தூங்கியதில்லை.

நான்காவது வரிக்குச் சம்மதமா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள்.

சீதாலெட்சுமி


செந்தூல்,
8 டிசம்பர் 2024

அன்புள்ள சீதா,

சர்க்கரைக்கு இரவுச் சோற்றை விடு, சப்பாத்தி சாப்பிடு. மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே.

உன் பதில் புரிந்தது. இனி அதைக் கேட்கமாட்டேன்.

சம்மதம். செமினியில் தங்கை விவியன் வீட்டில் ஓர் அறை இருக்கிறது. ஜனவரி கடைசியில் போகிறேன். மனுவை எடுத்துக்கொள்ளும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஸ்டானிஸ்லாஸ் வேண்டாம் என்றார். "ஆன்டி, பேப்பர்ல வந்ததுக்கு அப்புறம் குடுங்க. உங்ககிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்" என்றார். சீதா சொன்ன சொல் மாறமாட்டாள் என்றேன். எனக்கு வேறு ஒரு எண்ணமும் இருந்தது. நீ ஒன்று கொடுத்து நான் ஒன்று கொடுத்தால் அது வியாபாரம். குடும்பத்துக்குள் யாரும் இதை முதலில் கொடு என்று கேட்பதில்லை. அதனால் முதலில் கொடுக்கிறேன்.

கோயிலில் என் பெஞ்சில் உட்காரும் நாலைந்து பேருக்குச் சொல்லிவைத்திருக்கிறேன், பிப்ரவரி ஆறாம் தேதி பத்திரிகை வாங்கச் சொல்லி. வேலாயுதம் பத்துப் பிரதி வாங்குவாராம். சிரிக்காதே.

உனக்கும் பிள்ளைகளுக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து.

உர்சுலா


கிள்ளான்,
16 ஜனவரி 2025

மிஸ்ஸி உர்சுலா அவர்களுக்கு,

பொங்கல் நல்லபடி முடிந்தது. சப்பாத்திக்கு மாறிவிட்டேன். உங்கள் உடம்பு எப்படி?

தடை நீங்கிவிட்டது என்று எங்கள் வக்கீல் எழுதிவிட்டார். வீட்டுக்கு ஆள் தயாராக இருக்கிறது.

நேராகச் சொல்கிறேன். நான்காவது வரி இல்லை. நினைவஞ்சலியின் மாதிரிப் படிவத்தை வாணியைப் பெற்றவர்கள் பார்த்தார்கள். "இது யாரு சம்பந்தி, புதுசா?" என்று கேட்டார்கள். நான் படிவத்தைக் கவிழ்த்து வைத்தேன். சம்பந்தி முன்னால் நான் எதையும் அப்படி மறைத்ததில்லை.

ஸ்டானிஸ்லாஸ் உங்களுக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கடைக்கு வருகிற பெண் சேலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இதுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டு விலை கேட்டால், நான் ஒரு வெள்ளிகூடக் குறைத்ததில்லை. நீங்கள் பத்துப் பிரதிக்குச் சொல்லிவைத்துவிட்டு எனக்கு எழுதுகிறீர்கள்.

இரண்டில் ஒன்று எடுத்துக்கொள்ளலாம். "நண்பர்கள்" என்ற வரியில் வேலாயுதம் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் பெயர். இல்லையென்றால் கடைசி வரியில் நீங்கள் கேட்ட சொல், பெயர் இல்லாமல். இரண்டும் சேர்ந்து வராது.

இரண்டுமே வேண்டாம் என்றாலும் சரி, வீடு மாதக் கடைசியில் காலியாக வேண்டும். சுகுமாறனிடம் வாயால் சொன்னால் போதும். உங்களுக்கு எழுதும் சிரமம் வேண்டாம்.

சீதாலெட்சுமி


கிள்ளான்,
27 ஜனவரி 2025

மிஸ்ஸி உர்சுலா அவர்களுக்கு,

இங்கே சுகம். சாமான் கட்டும்போது பாரம் தூக்காதீர்கள், ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.

சுகுமாறன் வந்து சொன்னார். லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே படித்தீர்களாம். மடித்து உறையில் போட்டுவிட்டு, அவர் கையில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்களாம். "பேரு வேணாம்ப்பா. அந்தச் சொல்லு மட்டும் இருக்கட்டும்னு சொல்லு. படிக்கிறவங்களுக்கு யாருன்னு தெரியாட்டிப் போகுது, அவருக்கு ஒருத்தி இருந்தான்னு தெரிஞ்சாப் போதும்" என்றீர்களாம். அதைச் சொல்லும்போது சுகுமாறன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீங்கள் பெயரைத்தான் எடுப்பீர்கள் என்று நினைத்திருந்தேன். வாடிக்கைக்காரர் எதை எடுப்பார் என்று நான் தப்பாகக் கணிப்பது அபூர்வம்.

முடிவானதை எழுதிவிடுகிறேன். ஜனவரி 31 மாலை ஐந்து மணிக்குள் வீட்டுச் சாவி இரண்டும், கீழ்வாசல் அட்டையும் சுகுமாறன் கைக்கு வரவேண்டும். பிப்ரவரி 6, வியாழக்கிழமை, பத்திரிகையில் ஒரு நாள் மட்டும், கடைசி வரியில், சின்ன எழுத்தில்: "மற்றும் கம்பேனியன்".

சீதாலெட்சுமி